ஃபேண்டசி கால்பந்தின் ஐந்திணை: வண்ணக் கட்டங்கள் குறித்த ஓர் இலக்கண ஆய்வு

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2002-03 பருவம் தொட்டு நடத்திவரும் ஃபேண்டசி விளையாட்டை இன்று உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஆடுகிறார்கள். கற்பனையாகக் கையில் பத்துக் கோடி பவுண்டு தருவார்கள். அதில் 15 பேரை வாங்க வேண்டும், ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது, அந்த மந்தையை 38 வாரம் மேய்க்க வேண்டும்; மெய்யான ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி சேரும். இத்தனை பெரிய மக்கள் திரளின் ஒழுக்கத்துக்கு இன்றுவரை ஒரு பொருளிலக்கணம் எழுதப்படவில்லை என்பது புலமை உலகுக்கு இழுக்கு. அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், ரசிகர் வழக்கில் எஃப்டிஆர் எனப்படும் அட்டவணை. ஒவ்வோர் அணிக்கும் வரவிருக்கும் ஆட்டம் எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, எண்ணுக்கேற்ற வண்ணம் தீட்டி, விளையாட்டை நடத்துபவர்களே வழங்குவது. இரண்டு பளிச்சென்ற பச்சை, மூன்று சாம்பல், நான்கு சிவப்பு, ஐந்து கருஞ்சிவப்பு. இருபது அணி, 38 வாரம், ஆக 760 கட்டங்கள். 2013-ல் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்திடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்த மேக்னஸ் கார்ல்சன், 64 கட்டம் போதாதென்று இங்கேயும் வந்து, 2019 டிசம்பரில் சுமார் எழுபது லட்சம் பேருக்கு முன்னால் முதலிடத்தில் நின்றார் என்பது பதிவான செய்தி.

ஐந்து என்ற எண்தான் இந்த ஆய்வாளரை நிமிர்ந்து உட்காரவைத்தது. அகத்துக்கும் ஐந்து, அட்டவணைக்கும் ஐந்து. தற்செயல் என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு ஆய்வு நிதி கிடைப்பதில்லை.

ஒன்று, குறிஞ்சி. ரசிகனும் புள்ளியும் தடையின்றிக் கூடும் இடம். ஆனால் ஒன்று என்ற எண் அட்டவணையில் கண்ணில் படுவதே அரிது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் பூவின் பெயர் அதற்கு வெகுவாகப் பொருந்துகிறது. இரண்டு, முல்லை. பச்சைக் கட்டம் வந்துவிட்டது, போனவன் கோலோடு திரும்புவான் என்று தொண்ணூறு நிமிடம் ஆற்றியிருக்கும் ஒழுக்கம். மூன்று, மருதம். சாம்பல் நிறத்தில் எதையும் துணிந்து சொல்ல முடியாது. இறக்குவதா உட்காரவைப்பதா என்று சனிக்கிழமை காலைவரை நீளும் ஊடல். நான்கு, நெய்தல். ஆள் அணியில் இருக்கிறான், நலமாக இருக்கிறான், ஆடவும் போகிறான், எதிராளி மட்டும் ஆர்சனல். இரங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து, பாலை, அதாவது விற்றுவிடுதல். வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி பிடித்தம். பொருள்வயிற் பிரிவுக்கு இவ்வளவு துல்லியமாக எந்தப் புலவரும் விலை குறித்ததில்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது இங்கும் அப்படியே செல்லும். நிலமாவது சொந்த மைதானமா வெளியூர் மைதானமா என்பது. ஒரே எதிராளி, இங்கே வந்தால் மூன்று, அங்கே போனால் நான்கு. நிலத்தின் வலிமை புல்லில் இருக்கிறதா, அதைச் சுற்றி உட்கார்ந்து கத்துகிறவர்களிடம் இருக்கிறதா என்ற வினாவுக்கு 2020-21 பருவம் விடை தந்தது. பெருந்தொற்றால் அரங்குகள் ஏறக்குறைய முழுப் பருவமும் காலி. 380 ஆட்டங்களில் வெளியூர் அணிகள் 153-ல் வென்றன, சொந்த ஊர் அணிகள் 144-ல்தான். இங்கிலாந்தின் முதல்தரக் கால்பந்தில் அதற்கு முன் நேராதது இது. புல் அதே புல்.

பொழுது இரண்டு வகைப்படும். பெரும்பொழுது டிசம்பர் இறுதி. ஆட்டங்கள் நெருக்கியடித்து வரும் காலம். சிறுபொழுது சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டரை. புதன்கிழமை ஐரோப்பாவில் ஆடிவிட்டு வந்தவர்களை அந்நேரத்தில் களமிறக்குவது கொடுமை என்று லிவர்பூலில் இருந்த காலமெல்லாம் யர்கன் குளோப் முறையிட்டுவந்தார். கட்டத்தின் வண்ணத்தில் புதன்கிழமைக் களைப்பு தெரியாது.

கருப்பொருளில் தலையாயது தெய்வம், அதாவது மேலாளர். பெப் குவார்டியோலா யாரை இறக்குவார், யாரை உட்காரவைப்பார் என்பதை ஆடுவோர் ‘பெப் ரூலெட்’ என்றே வழங்குகிறார்கள். பச்சைக் கட்டம் நான்கு வரிசையாக வந்தது கண்டு அவருடைய மான்செஸ்டர் சிட்டி வீரனை வாங்கியவன், அவன் மேலங்கியோடு பெஞ்சில் அமர்ந்திருக்கும் காட்சியைக் கண்டு தெய்வத்தை நோகலாகாது. பறை என்பது நடுவரின் விசில். 2019-20 முதல் அது ஊதியபின்பும் வீடியோ உதவியாளர் சம்மதிக்கும்வரை கோல் கோலாகாது. மரம், புள், யாழ் ஆகியவற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை.

இனி மயக்கம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற பழங்கருத்துக்கு 2020 பிப்ரவரி 29-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. லிவர்பூல் அதுவரை ஆடிய 27 ஆட்டங்களில் 26-ல் வென்று ஒன்றை மட்டும் சமன் செய்திருந்தது. எதிராளி வாட்ஃபர்டு, அந்தப் பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கப்போகும் அணி. மூன்றுக்குப் பூஜ்யம் என்று வாட்ஃபர்டு வென்றது. அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, நடப்புச் சாம்பியனான லிவர்பூலுக்கு ஏழு கோல் போட்டது ஆஸ்டன் வில்லா; வாங்கியது இரண்டு. எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2024 செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் லிவர்பூலின் அன்ஃபீல்டு மைதானத்துக்குப் போனபோது அது அப்பட்டமான பாலை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. முந்தைய பருவத்தில் பதினேழாம் இடத்தில் முடித்த அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்று திரும்பியது, பருவ முடிவில் ஏழாம் இடம் பிடித்தது. அட்டவணை நேற்றைய புகழைக் கொண்டு நாளையை வண்ணமிடுகிறது. புகழ் மெதுவாகத்தான் உதிர்கிறது.

மயக்கத்தின் நுட்பமான வகை ஒன்றுண்டு. கட்டம் சொன்னது சொன்னபடி பலிக்கும், ஆனாலும் நமக்கு ஒன்றும் தேறாது. 2022 ஆகஸ்ட் 27 அன்று லிவர்பூல் போர்ன்மத்தை ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று வென்றது. இதைவிடப் பச்சையான பச்சை இருக்க முடியாது. ஃபிர்மீனோவுக்கு இரண்டு கோல், மூன்று அசிஸ்ட். டிஃபெண்டர்கள்கூட கோல் போட்டார்கள், போர்ன்மத்துக்காரரே ஒன்றைத் தம் வலைக்குள் தள்ளி உதவினார். மொகமது சாலாவுக்குக் கோலும் இல்லை, அசிஸ்டும் இல்லை. அவ்வாரம் சாலாவைக் கேப்டனாக்கிப் புள்ளியை இரட்டிப்பாக்க நினைத்தோரின் அட்டவணை வாசிப்பில் ஒரு பிழையும் காண இயலாது.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. ஒரு கட்டத்துக்கு ஒரு திணை என்று கொண்டதே முன்னோர் செய்த பெரும்பிழை. என்னை? எனின், டிஃபெண்டருக்கும் கோல்கீப்பருக்கும் நான்கு புள்ளி கிடைப்பது கோல் வாங்காமல் க்ளீன் ஷீட் காத்தால். இரண்டு கோல் வாங்குந்தோறும் ஒரு புள்ளி போகும். ஆகவே எதிராளிக்குக் கோல் போடத் தெரியாதிருப்பது அவர்களுக்கு நலம். ஃபார்வர்டுக்கோ எதிராளிக்குக் கோலைத் தடுக்கத் தெரியாதிருப்பதே நலம். இவ்விரு அறியாமைகளும் ஒரே அணியில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

சான்று, 2024-25 பருவத்து டாட்டன்ஹாம். முடித்தது பதினேழாம் இடத்தில். இடத்தை மட்டும் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு பச்சை தீட்டலாம். ஆனால் அந்த அணி போட்ட கோல் 64, வாங்கியது 65. நான்காம் இடத்தில் முடித்த செல்சியும் போட்டது அதே 64-தான். டாட்டன்ஹாமைச் சந்திக்கப்போகும் ஃபார்வர்டுக்கு அது முல்லை. அவனுக்குப் பின்னால் நிற்கும் டிஃபெண்டருக்கு அதே ஆட்டம், அதே மைதானம், அதே பொழுது, நெய்தல். மறுபுறம் எவர்ட்டன், பதின்மூன்றாம் இடம், போட்டது 42, வாங்கியது 44. அவர்களோடு மோதுகையில் நம் டிஃபெண்டர் நிம்மதியாகத் தூங்கலாம். ஃபார்வர்டும் தூங்கிவிடக்கூடும் என்பதுதான் சிக்கல். ஆகவே கட்டம் ஒவ்வொன்றையும் மூலைவிட்டமாக வெட்டி இரு வண்ணம் தீட்ட வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் தம் சொந்த விரிதாள்களில் தாக்குதலுக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று என்று இதை முன்பே செய்துவருகிறார்கள் என்பதால் கண்டுபிடிப்பின் பெருமை குறைந்துவிடாது.

ஐந்திணைக்குப் புறம்பான இரண்டையும் சொல்லாமல் விட்டால் இலக்கணம் நிரம்பாது. கைக்கிளை என்பது கட்டத்தின் வண்ணத்தைப் பாராமல் ஒருவனையே வைத்திருத்தல். 2022-23-ல் 36 கோல் போட்ட ஹாலண்ட், 2024-25-ல் 344 ஃபேண்டசிப் புள்ளி சேர்த்த சாலா, இவர்களைப் பாலையிலும் பிரியமாட்டோம் என்பது. அவர்களுக்கு நம் இருப்பே தெரியாது, ஆயினும் இது அறிவுடைய ஒருதலைக் காமம். பெருந்திணை என்பது, தான் பிறவியிலிருந்து ஆதரிக்கும் கிளப் என்பதற்காக அதன் டிஃபெண்டர்கள் மூவரைச் சேர்த்தாற்போல் வாங்கி, ஐந்தாம் வண்ணக் கட்டத்தில் மூவரையும் களமிறக்குவது. இதற்கு மருந்தில்லை. ஆய்வாளர் இவர்களிடம் சில மணி நேரம் வாதாடிப் பார்த்திருக்கிறார்.

இறுதியாகப் புறனடை. பச்சைக்குப் பச்சை மாறிவரும் மலிவான டிஃபெண்டர் இருவரை வாங்கி, வாரம் ஒருவராக மாற்றி மாற்றி இறக்குவது அட்டவணை வாசிப்போர் பெரிதும் போற்றும் உத்தி. சிவப்புக் கட்டம் வந்தவன் பெஞ்சுக்குப் போவான். பெஞ்சில் இருப்பவன் கோலும் போட்டு க்ளீன் ஷீட்டும் காத்தால் அப்புள்ளி நமக்குச் சேராது. களத்துக்கு அனுப்பியவன் ஒரு நிமிடம்கூட ஆடாதிருந்தால் மட்டுமே பெஞ்சிலிருப்பவன் தானாக உள்ளே வருவான். இங்கே மேலாளர்கள் கைக்கொள்ளும் மரபு ஒன்றுண்டு. பச்சைக் கட்டத்தானை ஆட்டம் முழுக்க உட்காரவைத்துவிட்டு, 89-ஆம் நிமிடத்தில், நேரத்தைக் கடத்துவதற்காக, அவனை இறக்குவார்கள். அவன் பந்தைத் தொட வேண்டியதில்லை. ஒரு புள்ளி. பெஞ்சிலிருந்தவனின் பன்னிரண்டும் அங்கேயே கிடக்கும்.