ஹாலிவுட்டில் ஒரு பாளையங்கோட்டை அண்ணாச்சி

வீடு பாளையங்கோட்டை மகாராஜநகரில். முகவரி ஹாலிவுட்டில். 1999-ன் தொடக்கத்தில் அண்ணாச்சிக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்தன. ஜியோசிட்டீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் காசு வாங்காமல் மனை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மனைகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர்காரர்களுக்கு சிலிக்கான் வேலி, தத்துவம் பேசுகிறவர்களுக்கு ஏதென்ஸ் என்று பெயர் வைத்து, கதவிலக்கமும் கொடுத்தார்கள். அண்ணாச்சிக்குச் சினிமா என்றால் கவுண்டமணி. ஆகவே ஹாலிவுட்.

இந்த ரகத்து ஆள் அப்போது தெருவுக்கு ஒருவராவது உண்டு. டிகிரி முடித்து, பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டே, கம்ப்யூட்டர் சென்டரில் எச்டிஎம்எல் படித்தவர். அவருடைய ஹோம்பேஜ் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். உச்சியில் ஒரு வரவேற்பு வரி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒருவன் மண்வெட்டியோடு ‘வேலை நடக்கிறது’ என்பான். கடைசி வரைக்கும் நடந்தது. அடியில் வந்தவர் தொகையைக் காட்டும் கவுன்டர். முதல் நூறும் அண்ணாச்சியேதான்.

பொழுதுபோக்குப் பட்டியலை மட்டும் உள்ளூர்க்காரன் துணையில்லாமல் படிக்கக் கூடாது. ‘நீச்சல்’ என்றால் குறுக்குத்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சோப்புப் போடுவது. ‘மலையேற்றம்’ என்றால் பாபநாசத்தில் பஸ்ஸை விட்டிறங்கி அகஸ்தியர் அருவிவரை நடப்பது. ‘சர்வதேச வானொலி’ என்பது இலங்கை வானொலி. இதை மட்டும் கேலி செய்ய முடியாது. கடல் தாண்டி வந்த அந்தக் குரல் நெல்லைச் சீமையில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது, பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டு ‘ழ’வைச் சரிசெய்துகொண்ட வீடுகள் இங்கே உண்டு.

ஆனால் பக்கத்தின் உயிர்நாடி ‘எனக்குப் பிடித்த காமெடி’ பகுதிதான். வீடியோ ஏற்ற வழியில்லை, ஒலியை ஏற்றினால் திறக்கிறவன் தூங்கிவிடுவான். அதனால் அண்ணாச்சி காமெடியை டைப் அடித்தார். எந்த எழுத்தில் அடிப்பது? மயிலை, முரசு அஞ்சல் என்று தமிழ் எழுத்துருக்கள் இருந்தன. படிக்கிறவரிடமும் அதே எழுத்துரு இருந்தால்தான் தமிழ், இல்லாவிட்டால் எறும்பு ஊர்ந்த கோலம். இதற்கு ஒரு வழி பண்ணத்தான் அந்தப் பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடியது. அண்ணாச்சி மாநாட்டு முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழம் முழுவதையும் ஆங்கில எழுத்தில் இறக்கினார். செந்தில் எவ்வளவு அடி வாங்கினார் என்பதை ஆச்சரியக்குறிகளின் எண்ணிக்கையால் அளந்துகொள்ள வேண்டியதுதான்.

கவுண்டமணியாவது பேசுகிறார். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் இடம்தான் அண்ணாச்சியின் உயிரை எடுத்தது. அங்கே பாதிக் காமெடி நாகேஷ் வாயால் போடும் சத்தம், மீதிப் பாதி பாலையாவின் முகம். பாலையாவோ நம்ம சீமைக்காரர், விட்டுவிட முடியுமா? அண்ணாச்சி அடைப்புக்குறியைக் கையில் எடுத்தார். ‘(பாலையா பயப்படுகிறார்)’, அடுத்த வரியில் ‘(மேலும் பயப்படுகிறார்)’, அதற்கடுத்து ‘(முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறார்)’.

பிரவுசிங் சென்டர் பையன் வந்து தோளைத் தட்டுவான். “அண்ணாச்சி, ஒங்க டயம் முடிஞ்சிட்டு.”

“கொஞ்சம் இருல. பாலையா பயந்துக்கிட்டு இருக்காரு, பாதியில விட்டுட்டு எந்திரிக்கச் சொல்லுத?”

படத்தைப் பார்க்காதவனுக்கு இதில் ஒரு எழுத்தும் விளங்காது. பார்த்தவனுக்கு அந்த அடைப்புக்குறிகளே போதும். வந்தவர்களும் பார்த்தவர்கள்தான். மஸ்கட்டிலும் டொராண்டோவிலும் இரவு ஷிப்ட்டில் இருந்த நெல்லைக்காரர்கள் விருந்தினர் ஏட்டில் எழுதினார்கள். ஒருவர் காமெடி பிரமாதம் என்றார். இன்னொருவர் சுலோச்சனா முதலியார் பாலத்தின் படம் கேட்டார். 1843-ல் கட்டிய பாலம். டயல்அப் லைனில் வானம் முதலில் இறங்கும், பிறகு கைப்பிடிச் சுவர், பிறகு வளைவுகள். தாமிரபரணிக்கு வருவதற்குள் லைன் அறுந்துவிடும்.

1999-லேயே யாகூ ஜியோசிட்டீஸை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. அண்ணாச்சி முன்ஜாக்கிரதைக்காரர், எல்லாவற்றையும் பிளாப்பியில் எடுத்து வைத்திருந்தார். பிளாப்பி இப்போதும் பீரோவில் இருக்கிறது, செருகத்தான் இடமில்லை.

2019 மே மாதக் கடைசியில் ‘பிரெண்ட்ஸ்’ (2001) படத்துக் காண்டிராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்த விஷயம் ட்விட்டரில் உலகம் முழுக்கப் பரவியபோது அவருக்கு வந்தது சந்தோஷமல்ல, வயிற்றெரிச்சல். “இத நான் அப்பமே போட்டாச்சுல்லா” என்று தெருவில் மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆதாரம் கேட்டவர்களுக்கு பிளாப்பியைக் காட்டினார்.

இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். மருமகன்கள் கிளிப் அனுப்புவார்கள், அண்ணாச்சி டைப் அடிப்பார். “மாமா, அந்த சீன்தான் யூடியூப்ல அப்பிடியே கெடக்கே” என்று ஒருவன் கேட்டதற்குப் பதில் வந்தது: “அதுல பாலையா எப்பம் மேலும் பயப்படுதாருன்னு போட்டிருக்கானால?”