காலக் கேக்குத மிஷினு

வாடே மருமவனே. கக்கத்துக் கம்ப அந்தத் தூணுல சாத்திட்டு உக்காரு. கண்ணு முன்னாலயே இருக்கட்டும். உங்க அத்தை வெறகுன்னு அடுப்புல சொருவிருவா.

ஆஸ்பத்திரியில ஊனம் 60 சதவீதம்னு போட்டுக் குடுத்துட்டாவளாமே? பத்தாங்கிளாஸ் கணக்குல 35 வாங்கவே உனக்கு மூச்சு முட்டிச்சு. சட்டப்படி 40 இருந்தாலே போதும். நீ மொத வகுப்புல பாஸு! நம்ம குடும்பத்துல எவனும் வாங்காத மார்க்குடே.

சரி, உனக்கு என்ன பயிற்சி குடுக்காவன்னு கேட்டா, தையலுங்காவ. சர்க்கார் பணத்துல எவனோ நடத்துத வகுப்பு, அதுவும் மாடியில. மூச்சப் புடிச்சு ஏறிப் போனா, காலால மிதிக்கிற மிஷினு! வலது கால லாரிக்கிட்ட குடுத்துட்டு வந்தவன மிதிக்கச் சொல்லுதாவ. மோட்டார் வச்ச தையல் மிஷின சர்க்காரே இலவசமாக் குடுக்குது. அந்தச் சேதி இன்னும் மாடி ஏறல போல, அதுக்கும் காலு வலி. கடைசியில மலையேத்தத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு கேட்டு வாங்கிக்க.

தையலு மட்டமுன்னு சொல்லலடே. ரவிக்கைக்காவ உங்க அத்தை மூணு வாரமா டெய்லர் வாசல்ல தவங்கெடக்கா. ஆனா நீ ஏழு வருசம் காயில் கட்டுத பட்டறையில கெடந்தவன். பம்புசெட் மோட்டாரு கரிஞ்ச நாத்தத்த வச்சே கோளாறச் சொல்லுவ. போனது காலு, கையில்ல. ஊனம்னதும் தையலு, மெழுகுவத்தி, கூட பின்னுததுன்னு நீட்டுதானே, உனக்கு என்ன தெரியும்னு ஒருத்தன் கேட்டானா?

2016-ல ஒரு சட்டம் வந்துச்சுல்லா, 21 வகை ஊனத்தச் சொல்லுத சட்டம்? அதுல 19-ஆம் பிரிவு, எல்லாருக்கும் நடக்குத தொழில் பயிற்சியிலயும் உங்களச் சேக்கணும்னு சொல்லுது. தனியா மூலையில உக்கார வச்சா போதும்னு சொல்லல. பேட்டை ஐ.டி.ஐ.யில எலக்ட்ரீசியன் படிப்பு ரெண்டு வருசம். பத்தாங்கிளாஸ் பாஸு கேப்பாவ. அந்த 35 இப்பம் சோறு போடப் போவுது பாத்தியா?

சர்க்கார் வேலையில 4 சதவீத ஒதுக்கீடும் இருக்கு. பரீட்சை வந்தா எழுது. அத நம்பிப் பொண்ணு மட்டும் பாக்காத.

எந்த வகுப்புன்னாலும் ரெண்டு கேளு: கீழயா, மாடியா? போன வருசம் முடிச்சவன்ல எத்தன பேரு சம்பளம் வாங்குதான்? ரெண்டாவது கேள்விக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பப் பாப்பாவ. டீயக் குடி, எந்திரிக்காத.

திங்கக்கிழம காலையில ஐ.டி.ஐ.க்கு நானும் கூட வாரேன். டவுன் பஸ்ஸுல உனக்கு டிக்கெட்டு கிடையாது. தொணைக்கு வாரவனுக்கும் கிடையாதாம்.