குரூப் அப்பா

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம். மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவின் பெற்றோர் குழுவுக்கு இந்த அப்பா ஒருவரே போதும்.

அந்தக் குழுவில் அம்மாக்களுக்கு நடுவே வேறு அப்பாக்களும் இருக்கிறார்கள். குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டு, விஷயத்தை வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ளும் ஜாதி அவர்கள். இவர் அப்படியல்ல. பள்ளியின் சர்க்குலரை முதல் வரியிலிருந்து பிரின்சிபால் கையெழுத்து வரை படிப்பார். அதை டைப் அடித்தவர்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார். படித்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

'வெள்ளிக்கிழமை கிரீன் டே. பிள்ளைகள் பச்சை உடையில், ஒரு பச்சைப் பழத்தோடு வரவும்.' இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் நினைப்போம். இவர் கேட்பார்: "குட் ஈவினிங் மேம். கொய்யா வெளியே பச்சையாக இருந்து உள்ளே சிவப்பாக இருந்தால் பரவாயில்லையா?" ஒரு அம்மா பச்சைத் திராட்சையைச் சிபாரிசு செய்வார். இன்னொருவர், மாங்காய் கொண்டுவரலாமா என்பார். மாங்காய் பழக்கணக்கில் வருமா, காய்க்கணக்கில் வருமா என்று விவாதம் ராத்திரி பத்தரை வரை போகும். கடைசியில் கிளாஸ் மிஸ், "எதுவானாலும் ஓகே பேரன்ட்ஸ்" என்று ஒரு கும்பிடும் போட்டு முடிப்பார். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழும். இவரிடமிருந்து மட்டும், "நோட்டட் மேம். திராட்சை என்றால் விதை எடுத்துவிட்டு அனுப்பணுமா?"

ஐப்பசி பிறந்தால் போதும், மனிதர் விசுவரூபம் எடுப்பார். மழைக்குப் பள்ளி விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட கலெக்டர். இவருக்கு வீடு தாம்பரத்தில், அது செங்கல்பட்டு மாவட்டம். மகள் படிக்கும் பள்ளியோ ஆலந்தூரில். 2018-ல் அது சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆகவே இரண்டு கலெக்டர்களையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு இவர் தலையில். விடியற்காலையில் ரேடார் படம் போடுவார். போன வருஷத்து லீவு அறிவிப்பை யாராவது ஃபார்வர்ட் செய்தால், தேதியை வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். "செங்கல்பட்டுக்கு லீவு விட்டாச்சு. சென்னை இன்னும் வாய் திறக்கலை" என்று ஆறரை மணிக்கு அவர் எழுதும்போது, பாதி வீடுகளில் இட்லி வெந்துகொண்டிருக்கும், மீதி வீடுகளில் யூனிஃபார்ம் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவரைப் பெற்றவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததே அபூர்வம். சேர்க்கும் அன்று வந்தார். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதற்கு வட்டியும் முதலுமாக இவர் ஈடுகட்டுகிறார்.

சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் ஒரு நல்ல இடம் இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, மொத்தத்தில் பாதி பெண்களுக்கு. நூறுநாள் வேலைக்குப் போகிற அம்மா அங்கே உட்கார்ந்து, கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். மகள் படிப்பதுபோன்ற, அரசு உதவி வாங்காத தனியார் பள்ளியை அந்த விதி தொடுவதில்லை. ஆக, கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்க நம்மவருக்கு நாற்காலி கிடையாது. கொய்யாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

மகள் கெட்டிக்காரி. போர்டில் மிஸ் எழுதிப்போடும் வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிக்கொள்வதை ஜூலையிலேயே நிறுத்திவிட்டாள். சாயங்காலம் பையைப் போட்டுவிட்டு, "அப்பா, குரூப்ல கேளு" என்பாள். அவரும் கேட்பார். யாரோ ஒரு பிள்ளையின் நோட்டுப்பக்கம் படமாக வரும். அதில் ஒரு ஸ்பெல்லிங் பிழையைச் சுட்டிக்காட்டி, அந்தப் பிள்ளையின் அம்மாவை இவர் நிரந்தரமாகப் பகைத்துக்கொள்வார்.

அட்மின் மட்டுமே செய்தி போட முடியும்படி குழுவைப் பூட்டும் வசதியை 2018-ல் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு மிஸ் அந்தப் பூட்டைப் போட்டார். அன்று மாலையே '3-பி பேரன்ட்ஸ் ஒன்லி' உதயமாயிற்று. அட்மின் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அதில் மிஸ் இல்லை என்பதால் கேள்வியும் இவரே, பதிலும் இவரே. பள்ளியின் வண்டவாளம் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. ஆண்டுவிழா உடைக்கு வாங்கிய பணத்துக்குக் கணக்கு கேட்டு ஒரு கடிதம்கூடத் தயாரானது. "நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க சார்" என்று எல்லோரும் கட்டைவிரல் காட்டியதும், கடிதம் 'வரைவு' நிலையிலேயே தங்கிவிட்டது.

ஜூனில் மகள் நான்காம் வகுப்பு 'ஏ' பிரிவுக்குப் போனாள். புதுக் குழுவில் சேர்ந்த நிமிஷமே டைம்டேபிளைப் படம்பிடித்துப் போட்டார் இவர். அடுத்த நொடியில், அதையே பிடிஎஃப் ஆக்கி, பாடவாரியாக வண்ணம் தீட்டி இன்னொருவர் போட்டார். 3-ஏ-விலிருந்து வந்திருக்கும் அப்பா. "சார், புதன்கிழமை மூணாவது பீரியட் ஜிகேன்னு இருக்கு, கம்ப்யூட்டர்தானே?" என்றார் இவர். "சர்க்குலரின் இரண்டாம் பக்கம் பாருங்க சார்" என்றார் அவர். இவருக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

புது மிஸ் பொங்கல் வரைக்கும் காத்திருக்கவில்லை.