குளம்பும் குழம்பும்

கே: ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் என் மகன் லீவுக்கு வருகிறான். அங்கே தட்டில் குலுங்கி ஆடுகிற கறி ஒன்று சாப்பிட்டானாம். பெயர் ‘ஹலதியெத்ஸ்’. நம் அந்தமான் பாராடாங் தீவில் அதைச் செய்ய முடியுமா?
*ஒரு தாய், நீலாம்பூர்*

ப: செய்யலாம் தாயே, ஆனால் ரஷ்ய மொழியில் ‘ஹோலத்’ என்றால் குளிர். பெயரிலேயே குளிரை வைத்திருக்கிற பண்டம் அது. அங்கே சட்டியை வராந்தாவில் வைத்தால் உறைந்துவிடும். நம் ஊரில் குளிர் குடியிருப்பது ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான், அதுவும் கரண்ட் இருக்கும் வரை.

அவர்கள் பன்றிக்கால், மாட்டுக்கால் போடுவார்கள். உங்களுக்கு ஆட்டுக்கால் போதும். இரண்டு ஆட்டின் கால் எட்டையும் கடையிலேயே வாட்டி, வெட்டி வாங்குங்கள். குளம்பை எடுக்காமல் குழம்பு வைத்தால் மகன் மறுபடி ரஷ்யாவுக்கே போய்விடுவான். மஞ்சள் போட்டுக் கழுவி, முங்குகிற அளவுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் வைத்து, முதலில் பொங்கும் நுரையை எல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு பட்டை இலை, மிளகு, தோலோடு ஒரு வெங்காயம். அந்தத் தோல்தான் சாறுக்குப் பொன்னிறம் தரும். உப்பைக் கடைசியில் போடுங்கள். சாறு வற்ற வற்ற உப்பு ஏறும்.

தீதான் முக்கியம். நம் சேற்று எரிமலையைப் பார்த்திருப்பீர்களே. ஒரு குமிழ் எழும், ‘ப்ளக்’ என்று உடையும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அடுத்த குமிழ் வரும். சட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆறு மணி நேரம். குக்கரில் விசில் விட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சாறு கலங்கிப்போகும். இரண்டு விரலில் சாறைத் தொட்டு ஒட்டிப் பிரியுங்கள். கோந்து மாதிரி இழுத்தால் பதம். வடிகட்டி, எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து, நசுக்கிய பூண்டோடு பாத்திரத்தில் பரப்பி, சாறை ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும், அது கொழுப்பு. சுரண்டிவிட்டால் கீழே கண்ணாடி.

கே: ஜெலட்டின் பவுடர் போடாமல் எப்படி உறைகிறது?
*அடாஜிக் வாசகர்*

ப: பவுடரே அங்கிருந்து வந்ததுதான். தோல், ஜவ்வு, குருத்தெலும்பு இவற்றில் இருப்பது கொலாஜன். மூன்று புரி முறுக்கிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரச் சூட்டில் புரி பிரிந்து தண்ணீரில் கலக்கும், அதற்குப் பெயர் ஜெலட்டின். ஆறும்போது புரிகள் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு வலை பின்னும். தண்ணீர் அதில் மாட்டிக்கொள்ளும். ராத்திரி மிஞ்சிய பாயா ஃப்ரிட்ஜில் கட்டியாகிக் கிடப்பதும் இதனால்தான். ‘ஃபாரின் ஐட்டம்’ பல வருஷமாக நம் வீட்டு இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது.

கே: போர்ட் பிளேரில் அண்ணி செய்து கொடுத்தனுப்பினால்?
*அதே தாய்*

ப: ஒருமுறை பட்டிருக்கிறேன். (ஊர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அண்ணிக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.) ஜிர்காடாங் செக்போஸ்டில் கான்வாய்க்காகக் காத்திருந்தபோது டப்பாவில் ஜெல்லி. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு ரோட்டில் நிறுத்தவும் கூடாது, இறங்கவும் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரி ஏறும்போது டப்பாவில் சூப். ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். வாயில் வைத்ததும் கரைகிறது என்று அதைப் புகழ்வார்கள். வாய்க்கும் நம் பஸ்ஸுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை.

கே: மான் காலில் செய்தால் இன்னும் ருசியாமே?
*பெயர் வேண்டாம்*

ப: பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்கள் புத்தி தெரிகிறது. புள்ளிமானை வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து விட்டான். அடித்துத் தின்னப் புலி இல்லாததால் பெருகிவிட்டது. அந்தக் காலி இடத்துக்கு நீங்கள் மனுப்போட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மான் கால் வேகும் முன் உங்கள் கையில் விலங்கு மாட்டும்.

கே: ஃப்ரிட்ஜ் இல்லை. ஜன்னலோரம் ஈரத்துணி சுற்றி வைத்தால்?
*சுந்தர்கர் வாசகி*

ப: வேண்டவே வேண்டாம். கறிச்சாறும் ஜெலட்டினும் கலந்தது மனிதனுக்கு முன்னால் கிருமிக்கு விருந்து. கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோஹ் பெர்லினில் கிருமி வளர்த்ததே அதில்தான். வெயில் காலத்தில் அந்த ஜெல்லி உருகி ஓட, அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே தலையில் கை வைத்தார். அவர் மனைவி ஃபேனி, “நான் பழக்கூழுக்கு அகர் போடுகிறேன், வெயிலில் உருகுவதில்லையே” என்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர். ஆண்டு 1881. இன்றும் எல்லா லேபிலும் அகர்தான். ஃபேனி பெயரில் ஒரு தட்டுகூட இல்லை.

கே: நாங்கள் சைவம். எங்களுக்கு ஒன்றும் இல்லையா?
*ரஜத்கர்*

ப: மேலே சொன்ன அகர்தான் உங்கள் கட்சி. கடையில் ‘சைனா கிராஸ்’, ‘கடல்பாசி’ என்று கேளுங்கள். பெயரில் சீனா இருந்தாலும் ராமநாதபுரம் கரையில் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் அது இருக்கிறது. சுமார் 85 டிகிரி வந்தால்தான் உருகும், 40-க்குக் கீழே வந்தாலே உறையும். பாராடாங் மதியத்தில் மேஜை மேல் விறைப்பாக நிற்கும். வாயில் கரையாது, கடிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கே: ருசிக்கு அன்னாசித் துண்டு போடலாமா?
*அடாஜிக்*

ப: பச்சையாகப் போட்டால் உறையவே உறையாது. அன்னாசி, பப்பாளி இரண்டிலும் புரதத்தை அறுக்கிற சரக்கு உண்டு. ஆட்டுக்கறி மெத்தென்று ஆகப் பப்பாளிக்காய் போடுவீர்களே, அதே கத்திதான் இங்கே வலையையும் அறுக்கிறது. வேகவைத்த பழம் சாது.

கே: ரஷ்யர்கள் காரமாக ஒரு கிழங்கைத் துருவித் தொட்டுக்கொள்வார்களாம். இங்கே கிடைக்குமா?
*மகன், நேரடியாக*

ப: அந்தக் கிழங்கின் நெடி முருங்கை வேரில் இருப்பதைக் கண்டுதான் வெள்ளைக்காரர்கள் முருங்கைக்கு ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்காகக் கொல்லையில் வேரைத் தோண்டாதீர்கள் டாக்டர் தம்பி, வேர்ப் பட்டையில் நஞ்சு உண்டு. கடுகை ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் ஏறும்.

கே: எல்லாம் செய்தேன். அருமையாக உறைந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “குழம்பு கட்டிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டா” என்கிறார்!
*நீலாம்பூர் தாய், மீண்டும்*

ப: பண்ணிக் கொடுங்கள். இடியாப்பம் எத்தனை பிழிந்தீர்கள்?