டைஃபுக்கு பிடித்தலில் ஒட்டுதலின் சிக்கல்: ஓர் ஆய்வு

டைஃபுக்கு என்பது பசையரிசி மாவாலான மெல்லிய தோலுக்குள் இனிப்புப் பூரணம் பொதிந்த ஜப்பானியப் பலகாரம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வீட்டில் செய்யும்போது எழும் சிக்கல்கள் பலவாகத் தோன்றினாலும் அடிப்படையில் ஒன்றே: மாவு தன்னோடு ஒட்ட வேண்டும், பிறவற்றோடு ஒட்டக் கூடாது. மாவின் கொள்கையோ இதற்கு நேர்மாறானது. விரல், கரண்டி, மோதிரம், அவசரத்தில் எடுத்த கைப்பேசி ஆகிய அனைத்தோடும் மனமுவந்து ஒட்டும் அது, விளிம்போடு விளிம்பு சேரவேண்டிய இடத்தில் மட்டும் பிணங்கிக்கொள்ளும்.

பிணக்கின் வேர் அரிசியில் இருக்கிறது. ஜப்பானியர் சோறாக்கும் அரிசியின் மாவுச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமைலோஸ், எஞ்சியது அமைலோபெக்டின். 'மோச்சிகோமே' எனப்படும் பசையரிசியில் அமைலோஸ் இல்லையென்றே சொல்லலாம். கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின்தான் அந்த இழுவைக்குக் காரணம். குளுட்டன் மீது பழி போடுவோர் உண்டு. எந்த அரிசியிலும் அது கிடையாது. பசையரிசி அகப்படாமல் பச்சரிசி மாவில் முயல்வோருக்குக் கிடைப்பது கொழுக்கட்டை. அது நல்ல பலகாரம்தான் என்றாலும் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

மரபு முறையில் பசையரிசியை ஆவியில் வேகவைத்து, 'ஊசு' என்ற உரலிலிட்டு, 'கினே' என்ற மரச் சுத்தியலால் இடித்து 'மோச்சி' ஆக்குவார்கள். ஒருவர் இடிக்க, இரண்டு இடிகளுக்கு நடுவே மற்றொருவர் கைவிட்டுப் புரட்டுவார். நாரா நகரின் நாக்கதானிதோ கடையில் இது நடக்கும் வேகத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடுகிறது. அடுக்குமாடி வீட்டில் இம்முறையைக் கையாள்வதில் கீழ்வீட்டார் என்னும் தடை உண்டு. ஆகவே வீட்டில் மாவுதான். அரிசியை ஊறவைத்து நீரோடு அரைத்து, படிந்ததை உலர்த்தியெடுப்பது ஷிராத்தமாக்கோ. கழுவி உலர்த்திப் பொடித்தது மோச்சிக்கோ. முன்னது கட்டி கட்டியாக இருப்பதைக் கண்டு கெட்டுவிட்டதென எறிய வேண்டாம். அதன் இயல்பே அது.

100 கிராம் ஷிராத்தமாக்கோவில் 150 மில்லி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டிகளைக் கரைத்து, 50 கிராம் சர்க்கரை சேர்த்து, மூடி, 600 வாட் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். வெளியே எடுத்து நனைத்த கரண்டியால் அடிமுட்டக் கிளறி, மீண்டும் ஒரு நிமிடம். பால்வெள்ளை மறைந்து, ஒளி ஊடுருவும் பளபளப்பு வரும்வரை இப்படியே தொடர வேண்டும். வெள்ளைத் திட்டு எஞ்சியிருந்தால் மாவு வேகவில்லை என்று பொருள். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமன்று. அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தோல் இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. உடல்நலம் கருதி அதைப் பாதியாக்குவோர் மறுநாள் பல் மருத்துவரைப் பற்றியும் கருதவேண்டி வரும்.

பூரணத்தை மாவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அஸுக்கி பயறை வேகவைத்து, முதல் கொதிநீரைத் துவர்ப்போடு கொட்டிவிட்டு, மறுபடி குழைய வேகவைத்துச் சர்க்கரையோடு கிளறினால் அன்கோ. பயறு தெரியும்படி விட்டால் ட்சுபுஅன். தோல் நீக்கி வழித்தால் கோஷிஅன். இரண்டில் எது மேல் என்ற விவாதத்துக்கு ஜப்பானிலேயே முடிவு கிடையாது. எதுவானாலும் உருண்டை பிடிக்குமளவு இறுகியிருக்க வேண்டும். எட்டு உருண்டைகள் போதும்.

இனி மையச் சிக்கல். பலகையில் உருளைக்கிழங்கு மாவைத் தாராளமாகத் தூவி, வெந்த மாவை அதன்மேல் கொட்டி, எட்டாகப் பிரிக்க வேண்டும். கையை மாவிடமிருந்து காப்பாற்றும் இந்தத் தூளே, விளிம்புகள் ஒட்டுவதையும் தடுத்துவிடுகிறது. தூளை மிகுதியாகத் தூவுவோரின் டைஃபுக்கு வாய் மூடாது. குறைவாகத் தூவுவோருக்குக் கை திறக்காது. தீர்வு எளியது: வெளிப்புறம் தூள் இருக்கட்டும், பூரணம் படும் உட்புறத்தையும் விளிம்பையும் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். சூடு ஆறுமுன் விளிம்புகளை இழுத்துக் கிள்ளி, ஒரு திருகு திருகி, மூட்டுவாய் கீழே வரும்படி வைத்தால் வேலை முடிந்தது.

ஸ்ட்ராபெரி வைத்த 'இச்சிகோ டைஃபுக்கு' 1980களின் வரவு. தாமே முதலில் செய்ததாகச் சொல்லும் கடைகள் பல. அன்கோ பூசிய பழத்தின் நுனி கீழ்நோக்கும்படி தோலில் வைத்து மூடித் திருப்பினால் நுனி மேலே வரும். பழம் நீர்விடுமென்பதால் அன்றே தின்றுவிட வேண்டும்.

மற்றவற்றுக்கும் குளிர்சாதனப் பெட்டி ஆகாது. உறையாத அக்குளிரில்தான் வெந்த மாவுச்சத்து மிக விரைவாக இறுகும். நாள் கடத்த வேண்டுமானால் உறையவைப்பதே மேல். லோட்டே நிறுவனம் 1981இல் கொண்டுவந்த, ஐஸ்கிரீம் பொதிந்த யுகிமி டைஃபுக்குவின் தோல் உறைபெட்டியிலும் மென்மையாக இருப்பதற்கு அதற்கெனச் செய்த கலவையே காரணம். வீட்டுத் தோல் அப்படி நிற்காது, வெளியே வைத்து இளகவிட வேண்டும்.

உண்ணும்போது ஒட்டுதல் தொண்டைக்கு இடம் மாறுகிறது. இது விளையாட்டன்று: மோச்சி தொண்டையில் அடைத்து ஆண்டுதோறும் உயிர்கள் போவதால், புத்தாண்டுக் காலத்தில் டோக்கியோ தீயணைப்புத் துறை எச்சரிக்கை விடுக்கிறது. முதியோருக்குச் சிறு துண்டுகளாக நறுக்கி, முதலில் தேநீரால் தொண்டையை நனைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பாத்திரத்தைத் தேய்க்காமல் தண்ணீரில் ஊறவிட்டால் மாவு தானே கழன்றுவிடும். கழன்றதைத் தொட்டியில் கொட்டாமல் வடிகட்டிக் குப்பையில் சேர்த்தால், இதே ஆய்வைக் குழாய்க்காரர் வந்து தொடர வேண்டியிராது.