ஏழாயிரம் ரூபாய்ப் பிள்ளை

செட்டிநாட்டில் அந்தக் காலத்துப் பையனுக்கு இரண்டே சப்ஜெக்ட்தான். ஒன்று வட்டி, இன்னொன்று வட்டிக்கு வட்டி. 1927ல் சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா இரண்டிலும் ஃபெயில். பள்ளிக்கூடமும் எட்டாவதோடு சரி.

இந்தப் பிள்ளையைத்தான் காரைக்குடி வீடொன்றில் 7,000 ரூபாய் கொடுத்துப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது தத்தெடுத்தார்கள். அன்றைய ஏழாயிரம், சார்! பின்னாளில் கவிஞர் கண்ணதாசன் ஆன இவர் வாழ்க்கையில் கணக்கு உதைக்காமல் முடிந்த வியாபாரம் அது. காரணம், அதில் அவர் வியாபாரி இல்லை, சரக்கு.

புது வீட்டில் பெயர் நாராயணன். நடிகராகப் போகிறேன் என்று சென்னைக்கு ஓடியபோது சந்திரசேகரன். புதுக்கோட்டை ‘திருமகள்’ பத்திரிகையில் வேலை கேட்டு நின்றபோது கண்ணதாசன். போதாதென்று ‘காரைமுத்துப் புலவர்’ என்று ஒரு புனைபெயர் வேறு! அப்புறம் தி.மு.க.வில் சேர்ந்து நாத்திகம் பேசினார். பேசியவர் பெயரோ கண்ணனுக்கு தாசன். கட்சியில் ஒருத்தரும் ப்ரூஃப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

1949ல் ‘கன்னியின் காதலி’யில் முதல் சினிமாப் பாட்டு. மனசே, கலங்காதே என்று ஆறுதல் சொல்கிற பாட்டு. சொன்னவருக்கு வயசு இருபத்திரண்டு!

அப்புறமாவது பாட்டு மழை கொட்டியதா? இல்லை. அது அடுக்குமொழி சீசன். ஹீரோ தண்ணீர் கேட்டால்கூட எதுகை மோனையோடு கேட்பார். நம்ம ஆளும் ‘மதுரை வீரன்’, ‘மகாதேவி’ என்று வசனம் எழுதினார். எழுதிச் சம்பாதித்ததோடு நின்றிருக்கலாம். சொந்தப் படம் எடுத்தார். ‘மாலையிட்ட மங்கை’ ஓடிவிட்டது. அதுதான் வினை. அடுத்து, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்த அதே 1959ல், சொந்தச் சீமைப் பாசத்தில் மருது சகோதரர்களை வைத்து ‘சிவகங்கைச் சீமை’. கையைச் சுட்டது. 1960ல் இன்னொரு படம். அதோடு ஐந்தொகையில் கடனைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. படத்தின் பெயர்? ‘கவலை இல்லாத மனிதன்’. சத்தியமாக நான் வைத்ததில்லை.

இந்த வேடிக்கைக்கு நடுவில்தான் அவர் பாட்டின் நடை மாறுகிறது. ‘பாகப்பிரிவினை’யில் ஓர் அப்பன் தொட்டில் பிள்ளையிடம், ஏன்டா வந்து பிறந்தாய் என்று கேட்கிறான். தாலாட்டா ஒப்பாரியா என்று பிரிக்க முடியாது. ‘பாசமலர்’ தாலாட்டில் பிள்ளைக்கு மாமன் பெருமை. செட்டிநாட்டு வீட்டு வளவில் காலை நீட்டிக்கொண்டு ஆச்சிகள் எத்தனை காலமாகப் பாடிவருகிற சமாச்சாரம்! பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காததை ஆச்சிகள் தூளியை ஆட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். புலவர் பட்டத்தைக் கழற்றி வைத்த பிறகுதான் அது இவர் பேனாவில் இறங்கியது. ஊரை விட்டு ஓடியவர் ஊரையே பாட்டில் கொண்டுவந்து இறக்கினார். கடன்காரர்கள்கூட முணுமுணுத்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் ஏதோ துப்பறிந்ததாக நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் தன் சுயசரிதையான ‘வனவாச’த்தில் அவரே எழுதிவிட்டார். கிண்டலடிக்க வந்தவனுக்கு மனுஷர் மிச்சமே வைக்கவில்லை.