பில்டர் சித்தாந்தம்

மயிலத்தில் பொம்மபுர ஆதீனமும் உண்டு, அதன் தமிழ்க் கல்லூரியும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் காப்பி பில்டருக்கு ஓர் உரை இல்லாதிருப்பது அழகல்ல என்று கருதி இது எழுதப்படுகிறது.

காப்பி இறக்கும் நெறி இரண்டு. ஒன்று ஏறுநெறி. 1933இல் இத்தாலியின் அல்போன்சோ பியாலெட்டி கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால், ஆவி வெந்நீரை அழுத்தித் தூளின் வழியே மேலே தள்ளும். தன்முயற்சியால் வீடுபேறு உண்டு என்பார் கொள்கை அது. மற்றது இறங்குநெறி. மேலடுக்கில் தூள், அதன்மேல் காம்பு வைத்த ஓட்டைத் தட்டு, அதன்மேல் கொதிநீர். மூடிவிட்டால் நம் வேலை முடிந்தது; இறங்க வேண்டியது தானே இறங்கும். அருள் இப்படி இறங்குவதைச் சைவர் சத்திநிபாதம் என்பர். (ஆதீனம் வீரசைவம், இங்கே எடுத்தாள்வது சித்தாந்தம். விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தப் பேதம் யாரும் பாராட்டுவதில்லை.)

சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகை. டிகாஷனும் அப்படியே. தூளை மாவாக அரைத்துத் தட்டையும் அழுத்திவிட்டால் மந்ததரம்: ராத்திரி ஊற்றிய வெந்நீர் விடிந்தும் மேலேயே நிற்கும். கொரகொரவென்று அரைத்தால் தீவிரதரம்: ஊற்றிய வேகத்தில் இறங்கிவிடும், டம்ளரின் அடி தெரியும். சித்தாந்தத்தில் தீவிரதரமே தலை. பில்டரில் மந்தமே தலை. கால் மணி கழித்துக் கீழடுக்கைச் சாய்த்தால், எவர்சில்வரில் பழுப்பாய்ப் பூசிக்கொண்டு மெல்ல வழிய வேண்டும். சாத்திரம் செய்தவர்கள் காப்பி வருமுன் வாழ்ந்தவர்கள் ஆகையால் இம்முரண் மன்னிக்கத்தக்கது.

இனி மலம், அதாவது சிக்கரி. ஆணவ மலம் செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியே ஒட்டியது. சிக்கரியைக் கடைக்காரர் நம்மைக் கேட்டுத்தான் சேர்க்கிறார். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுச் சட்டம். ஆக, 49 வரை களிம்புக்கு அரசாங்க அனுமதி உண்டு. எந்த ஆகமமும் இவ்வளவு தாராளம் காட்டியதில்லை.

ஓட்டை அடைத்துக்கொண்டால் வெறும் மேலடுக்கை அடுப்பில் காட்ட, தூள் கருகி உதிரும். இது தீட்சை.

கரண்டியால் பில்டரின் தலையில் தட்டுவோர் ஒரு சாரார். தட்டினால் நைந்த தூள் ஓட்டையில் போய் அமர்ந்து, இறங்குவதும் நின்றுவிடும். அருளை அவசரப்படுத்தும் இவர்களுக்கு இரண்டாம் டிகாஷனே போதும். சர்க்கரை வேண்டுமானால் ஒரு கரண்டி கூடப் போடலாம்.